பாலாவி தாண்டாத ஒஸ்டின்

பழைய கார் ஒன்று எங்கோ நிற்கிறது என்று காதில் விழுந்துவிட்டால் போதும், இன்சாபுக்குச் சோறு இறங்காது. வேலை பாலாவிச் சந்தியில், வாகன உதிரிப்பாகக் கடையொன்றில். ஞாயிறானால் கழுத்தில் பழைய யாஷிக்கா கமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவான். கற்பிட்டியில் ஒரு மொரிஸ் மைனர், முந்தலில் கோழி அடைகிடக்கும் ஒரு வொக்ஸ்வேகன், சிலாபத்தில் கலியாணத்துக்கு மட்டும் வெளியே வரும் ஒரு ஹம்பர் என்று மாவட்டத்தின் கிழட்டுக் கார்கள் அத்தனையும் அவனுக்கு அத்துப்படி. யுத்தம் முடிந்து ஐந்தாறு வருடமாகி, ஊரே கையில் போனோடு திரிந்த காலத்தில், அவன் மட்டும் கொழும்பிலிருந்து பிலிம் வரவழைத்து, எடுத்ததைக் கழுவ மறுபடி கொழும்புக்கே அனுப்பிக்கொண்டிருந்தான்.

"போன்ல எடுத்தா உடன பாக்கலாமே," என்பாள் மனைவி நிஸ்ரின்.

"உடன பாக்க அது என்ன, முட்டப் பொரியலா?" என்பான்.

இந்த விஷயத்தில் அவனுக்கு இரண்டு தலையிடிகள். ஒன்று, கார்ச் சொந்தக்காரர்கள். காரைக் காட்டுங்கள் என்றால் குடும்பத்தையே அதற்கு முன்னால் நிறுத்தி, காரை மறைத்துவிடுவார்கள். மற்றது அவனேதான். முப்பத்தாறு படச் சுருளில் முப்பத்தெட்டு எடுப்பேன் என்று மார்தட்டுவான். பிலிமைச் சுற்றியெடுக்கும் உருளையில் அதன் நுனியை நகக்கண் அளவுக்கு மட்டும் செருகிக் கமராவை மூடினால், ஆரம்பத்திலேயே இரண்டு படம் மிச்சமாகும். இந்தக் கஞ்சத்தனத்துக்கு அவன் வைத்த பெயர் தொழில்நுட்பம்.

நுரைச்சோலை நிக்கொலஸின் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ்தான் அவனுடைய செல்லம். மனிதர் உயிரோடிருந்த காலத்தில் அதை ஏழு தடவை எடுத்திருக்கிறான். ஏழிலும் நிக்கொலஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விறைப்பாக இருப்பார். மனைவி யூஜீனியா ஓரத்தில், கையில் தேத்தண்ணித் தட்டோடு, பாதி வெட்டுப்பட்டு நிற்பார். யாழ்ப்பாணத்தில் பிறந்து இந்தக் கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் யூஜீனியா. நாற்பத்தொரு வருடம் அந்தக் காரின் பக்கத்து ஆசனத்தில் போய்வந்தவர். சாரதி ஆசனத்தில் மட்டும் ஒருநாளும் இருக்க விட்டதில்லை. பெண்பிள்ளை கை பட்டால் கியர் பழுதாகிவிடும் என்பது நிக்கொலஸின் விஞ்ஞானம்.

நிக்கொலஸ் செத்து இரண்டு வருடமாகி, ஓட்ட ஆளில்லாமல் காரைச் சிலாபத்துச் சிங்கள முதலாளி ஒருவருக்குக் கொடுப்பதென்று முடிவானது. யூஜீனியா இன்சாபைக் கூப்பிட்டார்.

"தம்பி, சனிக்கிழமை காரைக் கொண்டு போயிடுவினம். அதுக்கு முதல், அவற்ற சீற்றில நான் இருக்கிற மாதிரி ஒரு படம் வேணும். அவருக்கு எடுத்த அதே கமராவில, அதே கறுப்பு வெள்ளையில. போன் படம் எனக்கு வேண்டாம்."

சனிக்கிழமை காலை இன்சாப் கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனான். யூஜீனியா திருவிழாச் சேலை கட்டி, பவுடர் பூசி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி தயாராக இருந்தார். முன்னால், பக்கத்தால், கண்ணாடிக்குள்ளால் என்று இன்சாப் எடுத்துத் தள்ளினான். முதலாளி தன் சாரதியோடு வந்து காரை எடுத்தபோது கமராவின் எண் முப்பத்தாறு. படலையைத் தாண்டும்போது முப்பத்தெட்டு. சந்தோஷம் தலைக்கேறி, புழுதியில் மறையும் பின்பக்கத்தையும் எடுத்தான். முப்பத்தொன்பது! நாற்பது! நாற்பத்தொன்றில் நிறுத்தினான். நாற்பத்தொரு படம் எடுக்கிற சுருளை அவன் கண்டதில்லை. பிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழைத் தொட்டான். பிடிப்பே இல்லாமல் சும்மா சுழன்றது. நகக்கண் அளவு செருகிய நுனி முதல் படத்திலேயே கழன்றிருக்கிறது. காலையிலிருந்து ஒரு படம்கூட விழவில்லை.

யூஜீனியா கேக்கும் தேத்தண்ணியுமாக வந்தார். "எப்ப தம்பி படம் வரும்?"

கொழும்பில் கழுவும்போது பழுதாகிவிட்டது என்று பிறகு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அந்தப் பவுடர் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு மனம் வரவில்லை.

"அக்கா, ஒண்டுமே விழல்ல. பிலிம் சுத்தவே இல்ல. எல்லாம் என்ட கஞ்சப் புத்திதான்."

யூஜீனியாவின் முகம் விழுந்துவிட்டது. தட்டை வைத்தார். ரோட்டைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கைப்பையோடு வந்தார்.

"மோட்டச் சைக்கிளை எடும்."

"எங்க அக்கா?"

"பாலாவிக்கு. சிலாபத்துக்குப் போற வழியில, அவரைத் தவிர ஆர் ஓட்டினாலும் அது பாலாவியைத் தாண்டாது. கொதிச்சுப்போய் நிக்கும்."

வழி நெடுகப் பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்புக் கேட்டது. செபமா, தனக்கான திட்டா என்று இன்சாப் விசாரிக்கவில்லை.

பாலாவிச் சந்தியில், சீமெந்து லொறிகளுக்கு நடுவே, ஒஸ்டின் வாயைப் பிளந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைச் சாரம் கட்டிய முதலாளி தண்ணீர்ப் போத்தலும் கையுமாக நின்றார். சூடு ஆறி, மூடியை மூடிய பிறகும் பற்றரி மசியவில்லை. தள்ளித்தான் எடுக்க வேண்டும். இன்சாப் ஒரு லொறியின் நிழலில் குந்திப் பிலிமை மறுபடி மாட்டினான். இந்த முறை மூன்று படம் வீணானாலும் பரவாயில்லை என்று தாராளமாக இழுத்துச் செருகி, பிலிமை நகர்த்தும்போது குமிழும் கூடவே சுழல்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தான்.

"தள்ள ஆள் போதாது. டிரைவரும் இறங்கணும்," என்றார் முதலாளி. "அப்ப ஸ்டியரிங் யார் பிடிக்கிற?"

யூஜீனியா ஏற்கெனவே உள்ளே ஏறிக் கதவைச் சாத்தியிருந்தார்.

"அக்கா, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?" என்றான் இன்சாப்.

"நாப்பத்தொரு வருசம் பக்கத்தில இருந்து பாத்தனான். தள்ளுங்கோ."

முதலாளி, சாரதி, இன்சாப் மூவரும் மூச்சுப் பிடித்துத் தள்ளினார்கள். கார் உருண்டு வேகம் பிடித்ததும் யூஜீனியா கிளச்சை விட்டார். ஒஸ்டின் ஒரு குலுக்குக் குலுக்கி, புகையைக் கக்கி உறுமியது. லொறிக்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். முப்பது மீற்றர் தூரம் போயிருக்கும், பட்டென்று நின்றுவிட்டது.

"ஐயோ அக்கே!" முதலாளி தலையில் கைவைத்தார். "ஏன் நிப்பாட்டின?"

"கால் தவறிப் போச்சு," என்று யூஜீனியா வெளியே தலையை நீட்டினார். முகத்தில் கால் தவறியவரின் கவலை கொஞ்சமும் இல்லை. "தம்பி, இந்த முறை நீர் தள்ளாதேயும். முன்னுக்குப் போம்."

இன்சாபுக்கு அப்போதுதான் உறைத்தது. கமராவைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினான். ஒரு லொறிக்காரர் அவனுடைய இடத்தில் தோள் கொடுத்தார். ஒஸ்டின் மறுபடி உறுமி, நேரே அவனை நோக்கி வந்தது. ஒரே ஒரு படம் எடுத்தான். எடுத்துவிட்டு உயிர்தப்ப ஓரமாகப் பாய்ந்தான்.

மூன்று கிழமையில் படம் வந்தது. கார் சரிந்திருந்தது. ஒரு பக்க விளக்கு வெட்டுப்பட்டிருந்தது. நடுவில் யூஜீனியா, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. ஒரு படத்தில் கார் சரியாக விழாததற்காக இன்சாப் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சட்டம் போட்டு நுரைச்சோலைக்குக் கொண்டுபோனான். விறாந்தைச் சுவரில் நிக்கொலஸ் பழையபடி விறைப்பாக இருந்தார்.

"அவருக்குப் பக்கத்தில மாட்டவா அக்கா?"

"வேண்டாம். எதிர்ச் சுவரில." இன்சாப் ஆணியோடு கதிரையில் ஏறினான். "இன்னும் கொஞ்சம் கீழ. ஓம், அவற்ற கண்ணுக்கு நேர."

மாட்டி முடிந்ததும் யூஜீனியா இரண்டு படத்துக்கும் நடுவில் போய் நின்று, கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

"கியர் ஒண்டும் பழுதாகேல்லை," என்றார். "பாத்தியளோ?"