மரியம்மாள் போடாத ஊசி

மரியம்மாளைப் பற்றி அந்த ஆஸ்பத்திரி ஆப்பில் எழுதி வைத்திருப்பதைப் படித்தாலே எனக்கு வயிறு எரிகிறது. கேம்ப் என்கிற பேட்டையில் ஒற்றை அறையில் குடியிருப்பவள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களை இருபத்திரண்டு வருடமாகக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ். இதய ஆபரேஷன் முடிந்து என் கணவர் பக்தவத்சலம் பாணேரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, ஒரு ஏஜென்சி மூலம் அவளைத்தான் அனுப்பினார்கள்.

கூடவே அந்த ஆப்பும் வந்தது. ப்ளாக்செயினாம். டாக்டர், மருந்துக்கடை, நர்ஸ் எல்லோரும் ஒரே பதிவேட்டில் எழுதுவார்களாம். எழுதியதை யாரும் அழிக்க முடியாதாம். மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் பிள்ளை முகுந்துக்கு அதில் ஒரே பெருமை.

முதல் நாள் காலையே ஆப் சொன்னது: இன்சுலின், இருபது யூனிட்.

"ஐயாவுக்கு சுகர் இருக்காம்மா?" என்றாள் மரியம்மாள்.

"கிடையவே கிடையாதே!"

விரலில் குத்திப் பார்த்தாள். தொண்ணூறு. "இதப் போட்டா ஐயா உயிருக்கே ஆபத்தும்மா. நான் போட மாட்டேன்."

சர்க்கரை வியாதி முகுந்துக்கு. நம் வழக்கப்படி அப்பா பெயரைத்தான் அவன் தன் கடைசிப் பெயராகப் போட்டிருக்கிறான். பக்தவத்சலம் என்ற ஒரே பெயர், ஒரே விலாசம், ஒரே மொபைல் நம்பர். அப்பாவையும் பிள்ளையையும் ஒரே ஆளாக்கிவிட்டது அந்த அதிசயப் பதிவேடு!

மரியம்மாள் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு அலுத்துவிட்டாள். மூன்று நாளும் 'கொடுக்கவில்லை' என்று பதிந்தாள். நான்காம் நாள் ஏஜென்சி அவளை நிறுத்திவிட்டது. புது நர்ஸ் ஊசியோடு வந்து நின்றாள். அவளை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டு, முகுந்தை இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்டார்கள். பதிவுக்குக் கீழே திருத்தமும் எழுதினார்கள்.

மரியம்மாள் பெயரில் மட்டும் ஏஜென்சி எழுதிய 'மூன்று முறை கடமை தவறினார்' என்பது அப்படியே நிற்கிறது.

"அதை அழிக்க முடியாதும்மா," என்றான் முகுந்த்.

"அவா தப்புக்குத் திருத்தம் எழுதத் தெரியறது, இவளுக்கு ஒரு வரி எழுதப்படாதாடா?"

"அதுக்கு அவ ஏஜென்சியும் கையெழுத்துப் போடணும். போட மாட்டேங்கறா."

வெட்கமில்லாத ஜென்மங்கள்! இப்போது அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. அவளிடம் ஃபோனில் பேசியபோது அழுதது நான்தான்.

"அழாதீங்கம்மா," என்றாள் மரியம்மாள். "ஊசி போடலைன்னுதானே எழுதியிருக்கு? நான் போடலதான்."