நல்லம்மாள் கிணறு கேட்ட கதை

மலாயாவில் பத்துகாஜாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த நல்லம்மாளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். வாய் கொஞ்சம் நீளம் என்று கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் பேர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷக் கடைசியில் கொட்டிய மழையில் ஆறு பொங்கி, வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது.

வெள்ளம் வடிந்ததும் ஈப்போவிலிருந்து வண்டி நிறையக் கம்பளி வந்தது. அனுப்பியது அன்னபாக்கியம் தரும நிதி. சிலோன்காரச் செல்வந்தர் ஒருவர், இறந்துபோன மனைவி பேரில் வைத்தது. யாருக்குக் கொடுப்பதென்று பேர் எழுதித் தருவது மட்டும் தோட்டத்துக் கங்காணி உடையப்பன். அவன் சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் இரண்டிரண்டு கம்பளி போயிற்று. தனியாக இருந்த பெண்களில் ஒருத்தி பேர்கூட இல்லை.

நல்லம்மாள் நேரே, கம்பளி கொண்டுவந்த வண்டிக்காரன் சீனியிடம் போனாள்.

“அண்ணே, இதக் குடுக்குறவங்க எங்க இருக்காங்க?”

“ஈப்போவுல. மாசத்து மொத ஞாயித்துக்கெழம கூட்டம் போடுவாங்க. ஏன், நீ போவப் போறியா?” என்று சிரித்தான்.

“போறேன். நீதான் கூட்டிட்டுப் போற.”

கூட்டத்தில் கோட்டுப் போட்ட எட்டு ஆண்கள். ஒரே பெண், செல்வந்தரின் மகள் அம்பிகை. தலைவர் ஸ்கந்தராஜா, ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“ஆரைக் கேட்டு உள்ளுக்கு வந்தனீ?” என்றார் அவர்.

நல்லம்மாள் மேசைக்கு நேரே வந்து நின்றாள்.

“எனக்குக் கம்பளி கேட்டு வரலங்கய்யா. நீங்க குடுக்குறது யாருக்குப் போவுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? அதக் கேக்கத்தான் வந்தேன்.”

அம்பிகைதான் முதலில் வாய் திறந்தாள். “அப்ப நாங்கள் ஆரைக் கேக்கவேணும்?”

“எங்களையே கேளுங்கம்மா. ஒளிச்சு மறைச்சு வேணாம். கங்காணி முன்னாலயே கேளுங்க.”

“தோட்டம் தோட்டமாப் போய்க் கேக்க ஏலுமே?” என்று ஸ்கந்தராஜா முணுமுணுத்தார்.

“நான் போறன்,” என்றாள் அம்பிகை.

அடுத்த வாரமே மோட்டார் வந்து நின்றது. அம்பிகையோடு ஸ்கந்தராஜாவும் இறங்கினார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் தோட்டமே திரண்டு நின்றது. என்ன வேண்டும் என்று அம்பிகை கேட்டாள். கம்பளி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

“கெணத்துல சாக்கடை கலந்துருச்சும்மா. புள்ளைங்களுக்கு வயித்தால போவுது,” என்றாள் கைக்குழந்தைக்காரி செல்லாயி. அவ்வளவுதான், நாலா பக்கமும் “கெணறு! கெணறு!” என்று சத்தம் கிளம்பியது. ஸ்கந்தராஜா கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்து முகர்ந்து பார்த்தார், முகம் சுருங்கியது.

“இந்தத் தண்ணியைக் குடிக்கிற சனத்துக்குக் கம்பளியை அனுப்பிப்போட்டுப் பெருமைப்பட்டிருக்கிறம்,” என்றார்.

மேட்டில் புதுக்கிணறு தோண்ட மூன்று மாதம் ஆனது. பால்வெட்டு முடிந்து வந்த ஆண்கள் மண் வெட்ட, பெண்கள் சுமந்தார்கள். ஊற்றுக் கண் திறந்த அன்று ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைத்து, லயமே நனைந்து கூத்தாடியது.

நிதியும் தன் வழக்கத்தை மாற்றியது. இனிக் கங்காணி எழுதித் தரும் பேர்ப்பட்டியல் செல்லாது. ஒவ்வொரு தோட்டமும் தானே தேர்ந்தெடுக்கும் இருவர், அதில் ஒருவர் பெண், கூட்டத்தில் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். முதல் ஆளாக நல்லம்மாள் போனாள். அந்தக் கோபத்தில் உடையப்பன் அவளைச் செங்குத்தான மலைக்காட்டு மரங்களுக்கு மாற்றினான். தினமும் முழங்கால் வீங்கித்தான் வீடு திரும்பினாள்.

அவள் முன் வந்த முதல் மனு யாருடையது தெரியுமா? உடையப்பனின் தங்கை வீரம்மாவுடையது! புருஷன் விட்டுப் போய், இரண்டு பிள்ளைகளோடு நின்றாள். தள்ளிவிடு என்றுதான் லயத்தில் பலரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“புள்ளைங்க பட்டினி கெடக்குறத நான் பாத்தேன். குடுக்கணும்,” என்று நல்லம்மாள் முதலில் கை தூக்கினாள்; மற்றவர்களும் தூக்கினார்கள்.

அன்று சாயங்காலம் வண்டி நிற்பதற்குள்ளேயே குதித்து இறங்கி ஓடினாள்.

“ஏ செல்லாயி! எல்லாரையும் களத்துக்கு வரச் சொல்லு! அடுத்து நிதிக்காரங்ககிட்ட மருத்துவச்சி கேக்கலாமான்னு பேசணும்!”