மலைமேல் ஒரு வாலி

ஓமானின் சலாலா மலையில் மூடுபனி. கீழே கடல் இரைவது மட்டும் கேட்கிறது. வழி தெரியாததால் காரை ஓரங்கட்டிவிட்டு, காயல்பட்டினத்து பாய் ஒருவரின் டீக்கடையில் ஒதுங்கியிருக்கிறேன்.

"பயப்படாதீங்க தம்பி. ரோட்டுல ஏதாச்சும்னா வாலி ஆளனுப்புவாரு."

"எந்த வாலி பாய்? ராமர் மறைஞ்சிருந்து அடிச்சாரே, அவரா?"

பாய் குலுங்கிச் சிரிக்கிறார். "நம்மூரு தாசில்தார் மாதிரி தம்பி. கடையைப் பாத்துக்குங்க, தொழுதுட்டு வந்துடுறேன்."

பக்கத்துப் பள்ளிவாசலில் ஒரே வரிசை. பாயும் உள்ளூர்க்காரர்களும் ஷாஃபி பிரிவினர், கைகட்டி நிற்கிறார்கள். மஸ்கட்டிலிருந்து வந்த இபாதி பிரிவுக்காரர் ஒருவர் கைகளைத் தொங்கவிட்டிருக்கிறார். திருநீற்று நெற்றியோடு நான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். வளைகுடாவில் இத்தனை வருடத்தில் யாரும் என்னை நம்பி இப்படி உட்காரவைத்ததில்லை.

தொழுதுவிட்டு வந்த பாய் வாசலிலேயே நிற்கிறார்.

"என்ன வாலி, ஆட்சியெல்லாம் ஒழுங்கா நடக்குதா?"