கடை வாசலில் நின்ற ஆஸ்பத்திரிக் கட்டில்

பாலக்கரையில் அப்துல் ஹலீமைத் தெரியாதவர்கள் குறைவு. அவருடைய பேச்சிலிருந்து தப்பித்தவர்கள் அதைவிடக் குறைவு. கல்யாணத்துக்குத் தேக்சா, நாற்காலி, ஜமக்காளம் வாடகைக்கு விடும் கடை அவருடையது. பிரியாணிப் பாத்திரம் எடுக்க வருகிறவரிடம் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று விசாரித்த கையோடு, "இந்த நாட்டுல வைத்தியச் செலவு ஏன் இப்படி ஏறிக் கிடக்குன்னு நினைக்கிறீங்க?" என்று ஆரம்பித்துவிடுவார். வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வேண்டியதுதான்.

அவரிடம் யோசனைக்குப் பஞ்சமே கிடையாது. ஓட்டலில் இட்லி விலையைப் போர்டில் எழுதிப் போடுகிற மாதிரி, ஸ்கேன் எடுக்கிற இடத்திலும் விலையை வாசலிலேயே எழுத வேண்டும் என்பார். டாக்டர்கள் கம்பெனி பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரை எழுத வேண்டும் என்பார். ஆனால் அவருடைய செல்லப்பிள்ளை வேறொன்று.

அவருடைய அண்ணன் அப்துல் ரஹீம் பக்கவாதத்தில் விழுந்தபோது, கைப்பிடியைச் சுற்றினால் தலைமாடு உயர்கிற கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி என்று எல்லாவற்றையும் புதிதாக வாங்கினார்கள். அண்ணன் மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அத்தனையும் மாடிப்படிக்கு அடியில் முடங்கின. ஹலீமுக்கு வயிறு எரிந்தது. "ஒரு நாள் பிரியாணிக்கு எவனாவது சொந்தமா தேக்சா வாங்குவானா? படுக்கையில கிடக்கிற கொஞ்ச நாளைக்கு மட்டும் ஏங்க வீட்டுக்கு வீடு கட்டில் வாங்கணும்?" என்று கேட்பார். அரசாங்கமே வார்டுக்கு ஒரு கடை திறந்து, இதையெல்லாம் இரவல் கொடுத்துத் திருப்பி வாங்கினால், நாடு முழுக்க எத்தனை குடும்பம் நகையை அடகு வைக்காமல் தப்பிக்கும் என்பது அவர் கட்சி.

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறை கேட்கும் நாளில் போய் இதைச் சொன்னார். அங்கிருந்த அதிகாரி பொறுமைசாலி. கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்ல யோசனைதான் பாய். ஆனா ஜனங்க வாங்குவாங்களா? நீங்களே முதல்ல ஒண்ணைக் கொடுத்துப் பாருங்களேன்" என்றார்.

இது என்ன பிரமாதம் என்று ஹலீம் அண்ணனின் கட்டிலைக் கழுவி, வெள்ளைப் பெயிண்ட் அடித்து, கடை வாசலில் தேக்சாக்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். வாடகை கிடையாது, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

முதலில் வந்தவர் கட்டிலைச் சுற்றிப் பார்த்தார், அசைத்துப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதுல யாராச்சும் மவுத்தானாங்களா பாய்?" என்று கேட்டார்.

ஹலீமுக்கு வாய் நீளமே தவிரப் பொய் வராது. "ஆமாங்க, எங்க அண்ணன்" என்றார். "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று கிளம்பியவர் போனவர்தான். அடுத்து வந்தவரும் அதையே கேட்டார். இந்துவோ முஸ்லிமோ, கேள்வி மட்டும் மாறவில்லை.

துணிந்து எடுத்தவர்கள் மூன்றே வீட்டார். திருவெள்ளறையில் தென்னையிலிருந்து விழுந்த சின்னையனுக்காக அவர் மனைவி வீரம்மாள் லோடு ஆட்டோவோடு வந்தாள். எதையும் கேட்காமல் ஏற்றிக்கொண்டு போனாள். திருப்பிக் கொடுக்க வந்தபோது சின்னையனே கூட நடந்து வந்து ஒரு கை பிடித்து இறக்கினார். அரியமங்கலம் பட்டறையில் கால் நசுங்கிய பாலுவும் இதே கட்டிலில் கிடந்து எழுந்தவன்தான். மூன்றாவதாகப் போன வீட்டில் மாரியாயி என்கிற அம்மாள் இறந்துபோனார். அதோடு சரி. "ரெண்டு பேர் போன கட்டில்" என்று பெயராகிவிட்டது. பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜனங்களுக்கு எப்போதுதான் புத்தி வரும் என்று ஹலீம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பொரிந்து தள்ளினார்.

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், அவர் மனைவி ஆரிஃபா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வீட்டுக்குப் போனால் தலைமாடு உயர்கிற கட்டில் வேண்டும், கொஞ்ச காலம் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குவைத்திலிருந்து மகன் ஜமீல் போன் செய்தான். "அத்தா, கட்டில் புதுசா ஆர்டர் போட்டுடவா?"

"போட்டுடுப்பா" என்றார் ஹலீம். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஊரையே ஏசிய அதே வாய்தான்.

போனை வைத்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. உறைத்து என்ன செய்ய? அந்தத் தலைமாட்டை நினைத்தாலே அண்ணன் கடைசியாக மூச்சுக்குத் திணறிய முகம்தான் வந்து நின்றது. அந்த இடத்தில் ஆரிஃபாவை வைத்துப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. சத்தியமாகப் பயந்துபோயிருந்தார்.

பக்கத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்த ஆரிஃபா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "எதுக்குங்க புதுக் கட்டில்? கடையில ஒண்ணு சும்மாத்தானே நிக்குது?"

"அது வேணாம். ரெண்டு பேர் மவுத்தானதுடி."

"எனக்குத் தெரியாதா? உங்க அண்ணனுக்கு அதுல வச்சுக் கஞ்சி ஊட்டினதே நான்தான். நடந்து போன ரெண்டு பேரு உங்க கணக்குல வர மாட்டாங்களா?"

ஹலீம் ஆரிஃபாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

அவள் தன் கட்டிலின் இரும்புக் கம்பியைத் தட்டினாள். "நான் இப்ப படுத்திருக்கேனே, இதுல எத்தனை பேர் போயிருப்பாங்கன்னு யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

சுற்றிலும் வார்டு முழுக்கக் கட்டில்கள். அதே இரும்பு, அதே பச்சை விரிப்பு. ஒரு கட்டில் காலியானதும் துடைத்துவிட்டு அடுத்தவரைப் படுக்க வைத்தார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. ஹலீம் வராந்தாவுக்குப் போய் ஜமீலுக்குப் போன் போட்டார். "ஆர்டரைக் கேன்சல் பண்ணிடுப்பா. நம்ம கட்டிலே போதும்." அவன் ஏன், எதற்கு என்று கேட்டதற்கு, "உங்கம்மா சொல்லிட்டா" என்பதோடு முடித்துக்கொண்டார்.

ஆரிஃபாவை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று, நாலு பேர் பிடித்து மெல்லக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். தூக்கியவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஹலீம் கைப்பிடியைச் சுற்றித் தலைமாட்டை உயர்த்தினார். ஆரிஃபா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதா?"

"இல்லங்க. பயமா இருக்கு."

அவர் கைப்பிடியை விட்டுவிட்டு அவள் பக்கம் வந்தார். "அப்புறம் ஏன்டி இதையே கொண்டாரச் சொன்ன?"

"நாமளே வேணாம்னு சொல்லிட்டா அப்புறம் யாருங்க எடுப்பா?" என்றவள், கண்ணைத் திறக்காமலே கையால் துழாவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தூக்கம் வர்ற வரைக்கும் இங்கேயே உட்காருங்க."

ஹலீம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.