ரெடியாக இருந்தவர்

என் அக்கா வீட்டுக்காரர் பேண்ட்டோடுதான் படுப்பார். வீட்டில் இருக்கிற நாளிலும் அப்படித்தான். பெல்ட்டை மட்டும் ஒரு ஓட்டை தளர்த்திக்கொள்வார். காலுறையைக் கழற்ற மாட்டார். ஷூ இரண்டும் வாசல் கதவைப் பார்த்தபடி, காலை நுழைத்தால் போதும் என்கிற மாதிரி காத்துக் கிடக்கும். கல்யாணமான புதிதில் அக்கா இதைப் பார்த்துவிட்டு, "எங்கயாவது ஓடிப்போற திட்டமா?" என்று கேட்டாளாம். அவர் சிரிக்காமல், "கூப்பிட்டா ஓடணும்" என்றாராம்.

மாமா பெரிய லாரி ஓட்டினார். ஊர் விட்டு ஊர் சாமான் ஏற்றிப் போகும் கம்பெனி லாரி. 'ஓட்டினார்' என்று சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. அந்த எரிச்சலில்தான் இதைச் சொல்கிறேன். நியாயத் தராசைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் நர்ஸ். எனக்கு எந்த வாரம் பகல், எந்த வாரம் இரவு என்று மாத ஆரம்பத்திலேயே சுவரில் ஒட்டிவிடுவார்கள். பிடிக்கிறதோ இல்லையோ, தெரிந்துவிடும். மாமாவுக்கு நாளைக்கு என்ன என்று கடவுளுக்கும் கன்ட்ரோலருக்கும் மட்டும்தான் தெரியும். கன்ட்ரோலர் என்பவர் கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, எந்த லோடுக்கு எந்த டிரைவர் என்று முடிவு செய்து போன் போடுகிறவர். போன் விடியற்காலையில் வரலாம், சாப்பிட உட்காரும்போது வரலாம், மூன்று நாள் வராமலும் போகலாம். வந்தால் உடனே லாரி நிற்கும் யார்டுக்கு ஓட வேண்டும். வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அந்த நாள் நம்முடையதும் கிடையாது. முடியாது என்று சொன்னால் யாரும் திட்ட மாட்டார்கள். அடுத்த முறை நல்ல லோடு வரும்போது பெயர் மறந்துபோகும், கெட்ட லோடு வரும்போது மட்டும் ஞாபகம் வரும்.

போனில் கன்ட்ரோலர் கேட்பது ஒரே வார்த்தைதான். "ரெடியா?"

"ரெடி" என்பார் மாமா.

யோசிக்கிற வழக்கமே இல்லை. மற்ற டிரைவர்கள் அவருக்கு ரெடி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "ரெடி இருக்காருப்பா, நாம இன்னைக்குத் தூங்கலாம்" என்று கிண்டலடிப்பார்கள். அவருக்கு உள்ளூர அதில் ஒரு பெருமை. அந்தப் பெருமையைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

தொடங்கினால் பாதியில் விட முடியாத எந்த வேலையையும் அவர் வீட்டில் தொடங்க மாட்டார். ஒரே ஒரு முறை துணிந்து, முன்னறைச் சுவருக்கு நீல பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார். ஜன்னல் வரை வந்தபோது போன் வந்தது. பிரஷ்ஷைத் தண்ணீர் டப்பாவில் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வருவதற்குள் பெயின்ட் இறுகிவிட்டது, அதே நிறம் கடையிலும் கிடைக்கவில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் பழைய அழுக்கு மஞ்சள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அக்கா அந்தக் கோட்டைக் காட்டி, "இந்த இடத்துல லோடு வந்துச்சு" என்று சொல்லுவாள். இருமல் மருந்து குடிக்க மாட்டார், தூக்கம் வருமாம். குளிக்கப் போனால் போன் பிளாஸ்டிக் பைக்குள் கூடவே போகும். பள்ளிக்கூடத்தில் பெற்றோரை வரச் சொன்னால் அவர்கள் மகள், "அப்பா இருந்தா வரட்டும்" என்பாள். மழை வந்தால் வரட்டும் என்று சொல்கிற குரலில்.

இதெல்லாம் பழகிப்போன சங்கதி. இந்த வருடம் பெரிய வண்டி ஓட்ட அவர் வைத்திருந்த ஹெவி லைசன்ஸ் முடியவிருந்தது. அதுதான் புதுக் கவலை. புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். கண், காது, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே இருக்கிற சட்டப்படி தேதி தாண்டிவிட்டால் அபராதம் கட்டி முடிக்கிற கதையில்லை. புதிதாகக் கற்றுக்கொள்கிறவன் மாதிரி முதலிலிருந்து ஓட்டிக் காட்ட வேண்டும். அந்த வரிசை மாதக்கணக்கில் நீளும். அதுவரை லாரியில் கை வைக்க முடியாது, அதாவது வீட்டில் உலை கொதிக்காது.

அந்தச் சான்றிதழ் கொடுக்கிற கிளினிக்கில்தான் எனக்கு வேலை. சான்றிதழுக்கான டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவார். முன்கூட்டியே பதிய வேண்டும். நம் கையில் இருக்கிற காரியம்தானே, மாமாவைப் பிடித்து உட்கார வைத்து அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் தடவை அவர் கிளினிக் வாசல் வரை வந்தார். உள்ளே வரவில்லை. நான் கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், போனைக் காதில் வைத்தபடி தலையாட்டுகிறார், என்னைப் பார்த்துக் கையை விரிக்கிறார், போய்விட்டார். அடுத்த தடவை எங்கோ தூரத்து ஊரில், திரும்பி வர லோடு கிடைக்காமல் லாரிக்குள்ளேயே கிடந்தார். அதற்கடுத்த தடவை கண் பரிசோதனை முடிந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் எடுத்துவிட்டேன். போன் அடித்தது.

"எடுக்காதீங்க மாமா" என்றேன்.

"எடுக்கலன்னா திரும்பத் திரும்ப அடிப்பாங்கம்மா."

"அடிக்கட்டும். அஞ்சு நிமிஷம்."

அவர் எடுத்தார். "ரெடி" என்றார். சுருட்டிய கையை இறக்கி விட்டுக்கொண்டே என்னைப் பார்க்காமல் நடந்தார். பட்டையை அவர் முதுகில் விட்டெறியலாமா என்று இருந்தது எனக்கு.

அன்று மாலை அக்கா கன்ட்ரோலருக்கே போன் போட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"தம்பி, இவரு லைசன்ஸ் போச்சுன்னா உங்க லாரிய யாரு ஓட்டுவா? நீங்க ஓட்டுவீங்களா?"

"எனக்குப் புரியாமலாக்கா இருக்கு? போன வாரம் மட்டும் மூணு பேரு சொல்லாம கொள்ளாம நின்னுட்டாங்க. வண்டி வரிசையா நிக்குது. மேல இருக்கிறவங்க என் உயிர எடுக்கிறாங்க. இருக்கிறவங்களத்தானேக்கா நான் கூப்பிட முடியும்?"

"அப்ப இருக்கிறதுதான் அவரு செஞ்ச தப்பு."

 கன்ட்ரோலர் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. கெட்டவராக இருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டாவது நிம்மதியாகப் படுக்கலாம். ஒரு டிரைவர் போனால் அவன் லோடு மிச்சமிருக்கிறவன் தலையில் விழுகிறது. அந்தச் சுமை தாங்காமல் அவனும் போகிறான். யார்டு வாசலில் 'ஓட்டுநர்கள் தேவை' என்ற பலகை நான் அந்த வழியாகப் போக ஆரம்பித்த நாளிலிருந்து தொங்குகிறது. எழுத்து வெளுத்துப்போய், புதிதாக எழுதி, அதுவும் வெளுத்துவிட்டது.

டிரைவர்கள் ஏன் நிலைத்து நிற்பதில்லை என்று கண்டுபிடிக்கக் கம்பெனி வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்தது. டிரைவர்களை உட்கார வைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, ஆளுக்கொரு தொப்பியும் கொடுத்தார்களாம். தொப்பியில் 'நாம் ஒரே குடும்பம்' என்று எழுதியிருந்தது. மனம் விட்டுப் பேசுங்கள் என்று அந்தக் கனவான் கேட்டுக்கொண்டதும், எப்போதும் வாயைத் திறக்காத எங்கள் மாமா எழுந்திருக்கிறார். "முந்தின நாளே சொல்லிட்டா போதும் சார். நாளைக்கு வேலை இருக்கா, இல்லையான்னு. வேற ஒன்னும் வேணாம்" என்றிருக்கிறார். எல்லோரும் கை தட்டினார்களாம். கை தட்டி முடிவதற்குள் அவர் போன் அடித்தது. பக்கத்து அறையிலிருந்து கன்ட்ரோலர். மாமா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, பிஸ்கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லாரி ஏறிவிட்டார். இதை அவரே எங்களிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். மகள் சிரித்தாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

லைசன்ஸ் முடிய மூணு நாள் இருக்கும்போது கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது. டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி, முதல் ஆளாக மாமா பெயரைப் போட்டேன். ஒரு வாரம் முன்னதாகவே மாமா கன்ட்ரோலரிடம் சொல்லிவிட்டார். அவரும், "வெள்ளிக்கிழமை உங்கள நான் தொடவே மாட்டேண்ணே, என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தார்.

வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். வெள்ளிக்கிழமை அவர் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டார்.

"அண்ணே, ராத்திரி ஒரு லோடு வந்தாலும் வரும். பக்கத்துலதான், விடியறதுக்குள்ள திரும்பிடலாம். உறுதியில்ல. எதுக்கும் ரெடியா இருங்க."

நானாக இருந்தால் போனை அணைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேன். மாமா என்ன செய்தார் என்று மறுநாள் அக்கா சொன்னாள். தூங்கிப் போய்விடுவோமோ என்று பயந்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாராம். கறுப்புக் காப்பியாகப் போட்டுக் குடித்தாராம். கொஞ்ச நேரத்துக்கொரு முறை எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாராம். போன் வரவே இல்லை. லோடு வந்ததா, வேறு யாராவது போனார்களா என்று சொல்வதற்கும் ஒருவரும் கூப்பிடவில்லை. வேண்டாம் என்று சொல்ல அந்தக் கம்பெனியில் ஆள் வைக்கவில்லை.

காலையில் கண்கள் இரண்டும் சிவந்து வந்து நின்றார். சட்டை மட்டும் இஸ்திரி போட்டது. 

பட்டையைச் சுற்றி அழுத்தினேன். எண் எங்கேயோ போய் நின்றது. "மூச்ச இழுத்து விடுங்க மாமா. எதையும் நினைக்காதீங்க" என்று சொல்லி, கொஞ்சம் விட்டு மறுபடி பார்த்தேன். இன்னும் ஏறியிருந்தது. வேறு எண்ணை எழுதிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தது உண்மை. எழுதவில்லை. டாக்டர் பக்கத்திலேயே இருந்தார் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இந்த ரத்த அழுத்தத்தோடு அவ்வளவு பெரிய வண்டியில் ஏறப் போகிறவர் என் அக்கா புருஷன்.

டாக்டர் தானே ஒரு முறை பார்த்தார். "ராத்திரி தூங்கினீங்களா?"

"இல்ல சார்."

"ஏன்?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு, ஏதோ நல்ல காரியம் செய்த பிள்ளை மாதிரி, "ரெடியா இருந்தேன் சார்" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. ஒரு வாரம் மாத்திரை போட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து வரச் சொன்னார். இன்றைக்குக் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டார். நான் கெஞ்சினேன். அழுதுகூடப் பார்த்தேன். "நீ நர்ஸ்தானேம்மா? நீயே சொல்லு, போடலாமா?" என்று அவர் திருப்பிக் கேட்டபோது நான் பட்டையைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. அதற்குள் லைசன்ஸ் செத்துவிட்டது. தேதி முடிந்த மறுநாளே கம்பெனிக் கம்ப்யூட்டர் அவர் பெயரைத் தானாகவே எடுத்துவிட்டதாம். அந்த மூளை கெட்ட இயந்திரத்துக்குத் தேதி தெரிந்திருக்கிறது பாருங்கள், முன்னால் ஒரு வார்த்தை சொல்லத்தான் தெரியவில்லை. கன்ட்ரோலர் மட்டும் போன் போட்டு, "மன்னிச்சுக்கோங்கண்ணே" என்றார். கொஞ்ச நாளில் அவரும் அந்த வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மாமா புதிதாக ஓட்டிக் காட்டும் வரிசையில் பெயர் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார். அக்கா ஒரு கடையில் துணி மடிக்கிற வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு நீல பெயின்ட் வாங்கி, மிச்சச் சுவரை அடித்துக்கொண்டிருந்தார். மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாள் கழித்து அந்த வீட்டில் ஒரு வேலை பாதி தாண்டியது.

அப்போது போன் அடித்தது. இறங்கி வந்து, கையில் பெயின்ட் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். கம்பெனியிலிருந்து ஒரு பெண்.

"சார், விலகிப் போன டிரைவர்கள் எல்லார்கிட்டயும் காரணம் கேட்டுட்டு இருக்கோம். நீங்க ஏன் சார் விலகினீங்க?"

"நான் விலகலம்மா."

"பட்டியல்ல விலகினதா இருக்கு சார். சம்பளமா, வேற வேலையா, சொந்தக் காரணமா? இந்த மூணுல ஒன்னு சொல்லுங்க."

"மூணும் இல்லம்மா. லைசன்ஸ்…"

"சரி சார், சொந்தக் காரணம்னு போட்டுக்கறேன். லைசன்ஸ் வந்ததும் திரும்பச் சேர்ந்துக்கலாம் சார். ஆள் ரொம்பக் கொறைவா இருக்கு. எப்ப வேணா கூப்பிடுவோம். ரெடியா இருப்பீங்களா?"

"ரெடி" என்றார் மாமா.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பெண் மேல் இல்லை, அவள் என்ன செய்வாள், பாவம். இவர் மேல்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் போனை வைத்துவிட்டு, பிரஷ்ஷைத் தண்ணீர் டப்பாவில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். ஷூ பக்கத்தில் போய் நின்ற பிறகுதான், தன்னை யாரும் கூப்பிடவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றார்.

அக்கா டப்பாவிலிருந்து பிரஷ்ஷை எடுத்து, தண்ணீரை உதறி, அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னைக்கு லோடு இல்ல" என்றாள். "நாளைக்கும் இல்ல. வந்து அடிங்க."