மூன்றாவது கூட்டணிக்கு ஒரு கையெழுத்து

ஜுமாதில் எங்கள் மலையூர் அத்பாஷியின் மாட்டு வைத்தியர். எந்தப் பசு கன்று போட முடியாமல் தவித்தாலும் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நிற்பார். கட்சியின் வேட்பாளர் பட்டியலில் கடைசியில் ஒப்புக்குச் சேர்த்த பெயர் அவருடையது. பட்டியலில் மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலக, திடீரென்று எம்.பி. ஆகிவிட்டார். அங்கேதான் வந்தது வினை.

நான் இசிக்குல் ஏரிக்கரை விடுதியில் சமையல்காரி. அந்தக் குளிர்காலத்தில் கட்சிக்காரர்கள் தங்கள் எம்.பி.க்களை எல்லாம் எங்கள் விடுதியில் கொண்டுவந்து அடைத்தார்கள். போனைப் பிடுங்கிக்கொண்டு, வாசலில் ஆள் போட்டார்கள். கூட்டணி அமைக்க இரண்டு முறை முயன்று இரண்டும் புட்டுக்கொண்டது. மூன்றாவதும் தோற்றால் சட்டப்படி நாடாளுமன்றம் கலையும், தேர்தல் வரும். கூட்டணி ஒப்பந்தத்தில் பெரும்பான்மைக்கு ஒரே ஒரு கையெழுத்து குறைந்தது. ஜுமாதில் போட மாட்டேன் என்றார்.

பிரதமராகத் துடித்தவன் எங்கள் மேய்ச்சல் மலையைச் சுரங்கத்துக்கு வளைத்துப்போட்டவன். "அவனுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுடாதடா" என்று படுத்த படுக்கையாகக் கிடந்த ஜுமாதிலின் அப்பா அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

"அப்பாவ ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்னு கெஞ்சறேன் அக்கா. கையெழுத்துப் போடு, வண்டி தர்றோம்ங்கறாங்க. மாட்டக்கூட நான் இப்படிக் கட்டிப்போட்டதில்ல" என்று என்னிடம் புலம்பினார்.

மறுநாள் காலை கட்சிக் குழுத் தலைவர் கெரிம்பெக் அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"ஜுமாதிலோட அப்பா போயிட்டார். நாளைக்கு மதியம் அடக்கம். மாவு பிசைஞ்சு வை. ஆனா நான் சொல்றவரைக்கும் எண்ணெய் வைக்காத."

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சாவுச் செய்திய பெரியவங்க கூடி உக்காந்து பக்குவமாத்தான் சொல்லணும். நம்ம வழக்கம் தெரியாதா உனக்கு? வாயத் திறக்காத."

வழக்கமாம், வழக்கம்! செத்தவருக்கு எண்ணெய் மணம் போய்ச் சேரட்டும் என்று மாவுத் துண்டுகளைப் பொரித்துப் போர்சோக் செய்வதும் எங்கள் வழக்கம்தான். வாயைத் திறக்கக்கூடாதா? எண்ணெய் பேசட்டும். பெரிய சட்டியை ஏற்றி அள்ளி அள்ளிப் போட்டேன். மணம் மாடிவரை போனது.

ஜுமாதில் அடுப்படி வாசலுக்கு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "யாருக்கு அக்கா இது?"

கெரிம்பெக் குறுக்கே புகுந்தார். "கூட்டணிக்குத்தான் தம்பி, விருந்து! அந்தப் பக்கத்துலேருந்து ஒருத்தன் நம்ம பக்கம் வந்துட்டான். நீ போட்டாலும் போடாட்டியும் ஆட்சி அமைஞ்சாச்சு. போட்டுட்டு அப்பாவப் போய்ப் பாரு."

பாவி மனுஷன்! நல்லதுக்கும் கெட்டதுக்கும் நாங்கள் பொரிப்பது அதுதானே, ஜுமாதில் நம்பிவிட்டார். "தம்பி, போடாத! உங்க அப்பா..." என்று நான் கத்தத் தொடங்கியதுமே வாசல் ஆள் என் வாயைப் பொத்தி அடுப்படிக்குள் தள்ளித் தாழ் போட்டான். சத்தியத்தைத்தான் ஞாபகப்படுத்துகிறேன் என்று ஜுமாதில் நினைத்திருக்க வேண்டும்; நான் பரிமாறும் ஜன்னலுக்கு ஓடுவதற்குள் பேனா அவர் கையில் இருந்தது.

"உசுரோட இருக்கும்போதே முகத்தப் பாத்துடறேன். திட்டினா வாங்கிக்கறேன்" என்றபடி ஜுமாதில் கையெழுத்துப் போட்டார்.

காகிதம் பைக்குள் போனதும் கட்சிப் பெரியவர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "மனசத் திடப்படுத்திக்க தம்பி" என்று கெரிம்பெக் குரலை இறக்கி முறைப்படி சொல்லி முடித்தார்.

"எப்போ?"

"இன்னிக்கு விடியக்காலம்."

ஜுமாதில் அழவில்லை. "அந்தக் காகிதத்தத் திருப்பிக் குடுங்க."

"அது எப்படிப்பா? கூட்டணிய விட்டு வெளிய வரணும்னா குழுவுல மூணுல ரெண்டு பங்குப் பேர் கையெழுத்துப் போடணும். தனியாள் வர முடியாது. சட்டம்."

அடக்கத்துக்கு நானும் போனேன். எங்கள் வழக்கப்படி மகன் வீட்டுக்கு வெளியே கோலூன்றி நின்று, வருகிறவர்களைக் கட்டிக்கொண்டு "என் அப்பாவே" என்று வாய்விட்டு அலற வேண்டும். யாரையும் விலக்கக் கூடாது. முதல் காரிலிருந்து இறங்கியவன், பிரதமராகப் போகிற அந்தச் சுரங்கக்காரன். ஜுமாதில் கைகளை விரித்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

"அப்பா மேல எவ்வளவு பாசம் பாரு" என்று பக்கத்தில் நின்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.