ஓரமாய் இழுத்த கார்

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரையே ஏற்றி இறக்கியவர், தன் வீட்டுக்கு மட்டும் படியேறித்தான் வந்தார்.

போன மாதம் கார் ஓட்டும்போதே அவருக்கு மாரடைப்பு. கார் எதிரே வந்த லாரியின் பக்கம் போகாமல் சாலையோர மண்மேட்டில் முட்டி நின்றது. சாலையோரப் பக்கமான இடது இருக்கையில் இருந்த அம்மாவுக்குக் கீறல்கூட இல்லை.

“கடைசி நிமிஷத்துல என்னைக் காப்பாத்தத் திருப்பினார்” என்பாள் அம்மா. மோதும் முன்பே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். இரண்டில் எது? இன்ஜினியரான மகளுக்குத் தூக்கம் போனது இதில்தான்.

வீல் அலைன்மென்ட் கடையில் காரை மேடையேற்றினார்கள். அம்மா வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைக்காரர் திரையைப் பார்த்தார்.

“ஸ்டியரிங் ராடு வளைஞ்சிருக்கும்மா. இடிச்சதுல வந்தது. மாத்திடலாம்.”

“முன்சக்கரத்தோட சாய்வும் சரியில்லையே?” என்றாள் மகள்.

கடைக்காரர் கையிலேயே இருந்த ஸ்பேனரை அங்குமிங்கும் தேடினார்.

மகள் குனிந்து ஓரப்பக்கத்து டயரைத் தடவினாள். வெளிவிளிம்பு மட்டும் வழுக்கை. ஒரு மோதலில் டயர் இப்படித் தேயாது. மாதக்கணக்கில் ஓடியிருக்க வேண்டும்.

“இது பழைய சாய்வு. கையை விட்டா வண்டி ஓரமா இழுத்திருக்கும். நீங்க கவனிக்கலையா?”

“கவனிக்காம என்ன? வச்சதே நான்தான். எம்மேல பழி போட்டுடாதீங்க. போன வருஷம் முதல்ல நேரா வச்சுத்தான் குடுத்தேன். உங்கப்பா ஓட்டிப் பார்த்துட்டுத் திரும்பி வந்தார். ஓரமா இழுக்கணும்னார். ‘எல்லாரும் இழுக்குதுன்னு வருவாங்க, இழுக்கலைன்னு வந்தவர் நீங்க ஒருத்தர்தான் சார்’னேன். டயர் தேயும்னேன். ‘தேஞ்சா தேயட்டும்யா. கரண்ட் போனா லிஃப்ட் தானா நிக்கணுமில்ல’ன்னார். எனக்கு ஒரு எழவும் விளங்கலை.”

அவளுக்கு விளங்கியது. லிஃப்ட்டின் பிரேக்கை விலக்கி வைத்திருப்பதே கரண்ட்தான். அது போனதும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். இந்தக் காருக்குக் கரண்ட், அப்பாவின் கை.

அப்படியானால் அப்போதே நெஞ்சு வலித்திருக்கிறது; வீட்டில் மூச்சுவிடவில்லை. டாக்டரிடம் போகாமல் அலைன்மென்ட் கடைக்கு வந்திருக்கிறார் மனிதர்.

“நேராக்கிடவாம்மா?”

“ஆக்குங்க. இனிமே நான்தான் ஓட்டணும்.”

பெஞ்சுக்கு வந்தாள்.

“என்னடி சொல்றார்?”

“அப்பாதாம்மா திருப்பியிருக்கார். ஆனா கடைசி நிமிஷத்துல இல்ல. போன வருஷமே, இங்க வந்து.” சக்கரத்தின் சாய்வைக் கையால் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மா தன் பக்கத்துச் சக்கரத்தைப் பார்த்தாள்.

“வண்டி ஏன் எப்பவும் என் பக்கமே இழுக்குதுன்னு கேட்டேன்டி. ‘வேற யார் பக்கம் இழுக்கணும்?’னார், பாவி மனுஷன்.”